தொட்டில் போர்வையைச் சுவரில் மாட்டியபோது

தங்கை மகளுக்கு நாலு மாதம். கையில் அகப்பட்டதெல்லாம் வாய்க்குப் போகிறது. அவளுக்காக ஒரு முழச் சதுரத்தில் சின்ன விரிப்பு ஒன்று தைத்துக்கொண்டிருக்கிறேன். அடிப்பக்கம் டர்க்கி டவல். மேல்பக்கம் அம்மாவின் பழைய சுங்குடிப் புடவை, அதன்மேல் வெல்வெட், கார்டுராய், சாட்டின் என்று தடவிப் பார்க்க ஆளுக்கொரு துண்டு. ஓரமெங்கும் ரிப்பனை வளையமாக மடித்து, இரண்டு முனையையும் தையலுக்குள் விட்டு, இரண்டு தரம் மெஷின் ஓட்ட வேண்டும். வளையம் பெரிதானால் விரல் மாட்டிக்கொள்ளும். ஒற்றைத் தையல் போட்டால் பிய்த்து வாயில் போட்டுக்கொள்வாள். மணி, பொத்தான் எதுவும் வைக்கவில்லை. தூங்கும்போது போர்த்துவதற்கும் இல்லை. விழித்திருக்கையில், பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

இதைத் தைக்கும்போதுதான், வகுப்பில் பல வருடங்களாக நான் சொல்லிவந்த ஒரு பாடம் உறுத்த ஆரம்பித்தது.

ஸோனியா தெலோனே பற்றிய பாடம் அது. 1885இல் உக்ரைனில் யூதக் குடும்பத்தில் பிறந்து, செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் மாமா வீட்டில் வளர்ந்து, பாரிஸில் ஓவியரானவர். 1910இல் ஓவியர் ராபர்ட் தெலோனேயை மணந்தார். 1911 ஜனவரியில் மகன் சார்ல் பிறந்தான். சொந்த நாட்டில் குடியானவர் வீடுகளில் பார்த்ததுபோல, துணித் துண்டுகளை ஒட்டித் தைத்து அவனுக்கு ஒரு தொட்டில் போர்வை செய்தார். தைத்து முடித்ததும் அதில் க்யூபிசத்தின் சாயல் தெரிந்தது என்றும், பிறகு அதே முறையை மற்றப் பொருள்களிலும் ஓவியங்களிலும் முயன்று பார்த்தோம் என்றும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இன்று அது பாரிஸின் பொம்பிடூ மையத்தில், தேசிய நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. கான்வாஸ்மீது பொருத்தி, ஓவியம்போல நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள்.

நான் இதன் படத்தைத் திரையில் போட்டு, “இது போர்வை இல்லை, அருவ ஓவியம்” என்பேன். ஆண் ஓவியர்கள் யார் யார் எந்த வருடம் அருவத்துக்கு வந்தார்கள் என்று ஒப்பிட்டுக் காட்டுவேன். மாணவிகளின் முகம் மலரும். எனக்கும் பெருமையாக இருக்கும். ஒரு வருடம் பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்: “மேம், அந்தக் குழந்தைக்குக் குத்தலையா?” வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவள் கேட்டது தையல் தெரிந்தவள் கேட்கும் கேள்வி. துண்டு துண்டாக ஒட்டித் தைத்தால், ஒவ்வொரு இணைப்பின் பின்னாலும் மடித்த துணி தடித்துக்கொண்டு நிற்கும். அதை எப்படி அமுக்கினார், அடியில் என்ன துணி கொடுத்தார், துவைத்தால் சாயம் போனதா? நான் வாசித்த கட்டுரைகள் நிறங்களைப் பேசின; இதையெல்லாம் பேசவில்லை. நான் புரட்டிய புத்தகங்களில் அதன் பின்பக்கத்தின் படமும் இல்லை. குழந்தையின் தோலில் பட்டது அந்தப் பக்கம்தான்.

பெண்ணியக் கலை விமர்சனம் எனக்குக் கற்றுத்தந்தது இதுவல்ல. ரோசிகா பார்க்கரும் கிரிசெல்டா போலக்கும் 1981இல் எழுதிய ‘ஓல்ட் மிஸ்ட்ரஸஸ்’ நூல், நுண்கலைக்கும் கைவினைக்கும் நடுவே கோடு எப்படி விழுந்தது என்று கேட்டது. யார் செய்தார், எங்கே உட்கார்ந்து செய்தார், யாருக்காகச் செய்தார் என்பதை வைத்துத்தான் அந்தக் கோடு போடப்பட்டது. இதைப் படித்துவிட்டு நான் என்ன செய்தேன்? கோட்டை அழிக்கவில்லை. ஒரே ஒரு போர்வையை மட்டும் தூக்கிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்தேன். ஸோனியா யாரிடம் பார்த்துக் கற்றாரோ அந்தக் குடியானவப் பெண்களின் போர்வைகள் பழைய இடத்திலேயே கிடக்கின்றன. அவர்கள் வீட்டுக்கு க்யூபிஸ்ட் நண்பர்கள் வந்துபோகவில்லை, அவ்வளவுதான். “இது போர்வை இல்லை” என்று நான் பாராட்டிய ஒவ்வொரு முறையும், போர்வை என்றால் மட்டம் என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ராபர்ட்டின் பங்காக எப்போதும் சொல்லப்படுவது நிறக் கோட்பாடு. ஒரு நிறம் பக்கத்து நிறத்தால் மாறித் தெரியும் என்பதை அவர் ஷெவ்ரலிடமிருந்து எடுத்துக்கொண்டார். கணவர் கோட்பாடு, மனைவி துணி என்று பாடமும் சுலபமாகப் பிரிந்துவிடும். ஆனால் அந்த ஷெவ்ரல் யார்? பாரிஸின் கோப்லான் திரைச்சீலைக் கூடத்தில் சாயப் பிரிவின் பொறுப்பில் இருந்த வேதியியலாளர். கறுப்பு நூல் வெளுத்துத் தெரிகிறது என்று அங்கே புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் நெய்த நிறம்தான் கறுப்பை அப்படிக் காட்டியது. 1839இல் அவர் எழுதிய நூல் இப்படி நூல்கண்டிலிருந்து கிளம்பியது. ஓவியர்களின் கோட்பாடு தறியிலிருந்துதான் வந்தது! இது தெரிந்த பிறகும், துணி ஓவியத்தைப் பார்த்து வளர்ந்ததுபோலவே நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஸோனியாவும் இந்தக் கோட்டுக்குப் போதுமான விலை கொடுத்தவர். 1917 புரட்சிக்குப் பின் ரஷ்யாவிலிருந்து வந்த சொத்து வருமானம் நின்றுபோனது. உடையும் துணி வடிவமைப்பும் செய்து குடும்பத்தை நடத்தினார். அலங்காரக் கலைஞர் என்ற பெயரும் கூடவே ஒட்டிக்கொண்டது. லூவரில் 1964இல் அவருடைய கண்காட்சி நடந்தபோது, உயிரோடு இருக்கும்போதே அங்கு அந்த மரியாதையைப் பெற்ற முதல் பெண் அவர். வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

இதற்காகத் தொட்டில் துணியைப் புனிதமாக்கவும் எனக்கு விருப்பமில்லை. இப்போது கடைகளில் இந்த மாதிரி விரிப்புக்கு மூளை வளர்ச்சி என்று லேபிள் ஒட்டி விற்கிறார்கள். வாங்காத அம்மா, தைக்கத் தெரியாத அம்மா என்று குற்றவுணர்ச்சிக்கு இன்னொரு சாமான். தங்கையே, “அக்கா, இது இல்லாட்டி இவ பின்தங்கிடுவாளா?” என்று பயந்து கேட்டாள். இல்லை என்றேன். நான் ரிப்பன் மடிப்பதை அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “இதுக்கு எதுக்குடி இவ்வளவு? நீ என் முந்தானைக் குஞ்சத்தைத் திருகிக்கிட்டே தூங்கிருவே.” பழைய நூல் புடவையை மூன்று நான்கு மடிப்பாகப் போட்டு, நூலோட்டி, எங்கள் இரண்டு பேருக்கும் விரிப்புத் தைத்தவள் அவள். ஒன்றுகூட மிஞ்சவில்லை. கிழிந்ததும் கரித்துணியாயிற்று.

பிறந்த குழந்தைக்கு ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரத்துக்குள் இருப்பதுதான் ஓரளவு தெரியும். கறுப்பும் வெளுப்பும் சந்திக்கும் இடத்தில் கண் நிற்கும். தொடு உணர்வோ கருப்பையிலேயே வந்துவிடுகிறது. அந்தப் பாரிஸ் போர்வையின் முதல் வாசகன் சார்ல் என்று வைத்துக்கொண்டால், அவன் அதை முகத்தருகே, விரலால், எச்சிலால் வாசித்திருப்பான். (வளர்ந்து ஜாஸ் இசைத்தட்டுகளைத் தொகுத்துப் பட்டியலிட்டு 1936இல் ஒரு நூல் போட்டார். புலன் கூர்மை உள்ள ஆள்தான்.) அந்த வாசிப்புக்கும் நம் விமர்சனத்தில் சொற்கள் வேண்டும். துணியின் கனம், இணைப்பின் தடிப்பு, துவைத்த தடவைகள் எல்லாம் அதற்குள் வரும்.

அடுத்த பருவத்திலும் அந்தப் படத்தைத் திரையில் போடுவேன். போர்வை என்றே சொல்லி ஆரம்பிக்கப்போகிறேன். பின்வரிசைப் பெண் படிப்பை முடித்துப் போய்விட்டாள், அதுதான் குறை.

விரிப்பைப் புரட்டி, விட்டுவைத்த வாயைக் கைத்தையலால் மூடினேன். உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் சாட்டின் மூலையில் ஒரு முடிச்சு நெருடுகிறது. பிரித்துத்தான் தைக்க வேண்டும்.