ஆல்பம் பாட்டு: பயிற்சியும் பாசாங்கும்

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்களின் கையில் கேமரா கிடைத்ததும் அவர்கள் எடுக்க நினைப்பவை இரண்டு. ஒன்று குறும்படம், இன்னொன்று ‘ஆல்பம் சாங்’, அதாவது ஒரு பாட்டுக்கு எடுக்கும் வீடியோ. குறும்படத்துக்குக் கதை வேண்டும், வசனம் வேண்டும், ஓரளவு நடிக்கத் தெரிந்தவர்களும் வேண்டும். ஆல்பம் சாங்குக்குப் பாட்டு ஒன்று இருந்தால் போதும், ஆட நண்பர்கள் வந்துவிடுவார்கள், கேமரா இல்லாவிட்டால் செல்போன் இருக்கிறது. அதனால்தான் பாடத்திட்டத்தில் இருக்கிறதோ இல்லையோ, ஒவ்வொரு செட்டிலும் யாராவது நான்கு பேர் ஆல்பம் சாங் எடுத்துவிடுகிறார்கள். புணே திரைப்படக் கல்லூரியிலேயே ‘பிளேபேக்’ என்ற பெயரில் பாட்டைப் படமாக்கும் பயிற்சி உண்டு. ஆகவே இது விளையாட்டுப் பிள்ளைகளின் வேலை என்று ஒதுக்கிவிட முடியாது.

பயிற்சி என்ற அளவில் இது நல்லது, தொடர வேண்டியது. ஆனால் இப்போது இது எடுக்கப்படும் விதத்திலும், அதைவிட அதிகமாக மதிப்பிடப்படும் விதத்திலும் ஒரு கோளாறு இருக்கிறது. படத்தில் பாட்டு செய்த வேலை எது, மாணவர் செய்த வேலை எது என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

பாட்டு தரும் வசதி

முதல் வசதி அளவு. மூன்றரை நிமிடப் பாட்டுக்குப் படமும் மூன்றரை நிமிடம்தான். முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம், மறுபடியும் பல்லவி என்று எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது என்பதைப் பாட்டே வகுத்துக் கொடுத்துவிடுகிறது. குறும்படம் எடுத்தவர் இருபது நிமிடத்துக்கு இழுத்துவிட்டு, எதை வெட்டுவது என்று தெரியாமல் விழிப்பார். இங்கே அந்தத் திண்டாட்டம் இல்லை.

இரண்டாவது, ஒலி. மாணவர் குறும்படங்களைக் கெடுப்பது பெரும்பாலும் படமல்ல, சத்தம்தான். காற்று, ஆட்டோ ஹாரன், மின்விசிறியின் உறுமல் எல்லாம் வசனத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பாட்டில் அந்தத் தொல்லை கிடையாது. சுத்தமாகப் பதிவான ஒலி முன்கூட்டியே கையில் இருப்பதால் கவனம் முழுவதையும் ஒளியிலும் ஃபிரேமிலும் வைக்கலாம்.

மூன்றாவது வசதிதான் முக்கியமானது. முழுப் பாட்டையும் வைட் ஷாட்டில் ஒரு முறை, மிட் ஷாட்டில் ஒரு முறை, குளோசப்பில் ஒரு முறை பாடவைத்து எடுத்துவிட்டால், எடிட்டிங்கில் ஒவ்வொரு வரிக்கும் மூன்று விடைகள் வரிசையாக நிற்கும். இந்த வரிக்கு முகம் வேண்டுமா, ஆளைச் சுற்றியிருக்கும் வெளி வேண்டுமா? எடிட்டிங் என்பது அடிப்படையில் இந்தக் கேள்விதான். வசனக் காட்சியில் கையிலிருந்த டம்ளர் எங்கே போனது என்ற கன்டினியூட்டி கவலையிலேயே பாதி நேரம் போய்விடும். பாட்டில் எல்லா டேக்குகளையும் உதட்டசைவு ஒரே சரட்டில் கோத்துவிடுவதால், புதியவர்களால்கூட அந்தக் கேள்வியை நேராகச் சந்திக்க முடிகிறது.

உதட்டசைவு லேசான காரியம் என்றும் நினைத்துவிடக் கூடாது. கோடம்பாக்கத்தில் முன்பு பாட்டு ஷூட்டிங் என்றால் பாட்டை ஒலிக்கவிட நாக்ரா என்ற ஒலிநாடாக் கருவியும் அதை இயக்க ஓர் ஆளும் கட்டாயம் இருப்பார்கள். இன்று அந்த இடத்தில் ஒரு புளூடூத் ஸ்பீக்கர். பெசன்ட் நகர் கடற்கரையில் ஸ்பீக்கரைக் கேமராவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பாடுபவரை முப்பத்தைந்து மீட்டர் தள்ளி அலை ஓரத்தில் நிறுத்தினால் என்ன ஆகும்? ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். பாட்டு அவர் காதுக்குப் போய்ச்சேரவே நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிவிடும். நொடிக்கு 25 ஃபிரேம் கணக்கில் அது இரண்டரை ஃபிரேம் தாமதம். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ ஒட்டவில்லை என்பது தெரிந்துவிடும். ஸ்பீக்கரை ஃபிரேமுக்கு வெளியே, பாடுபவரின் காலடியில் வைக்க வேண்டும் என்பதை இந்த ஒரு தவறே கற்றுக்கொடுத்துவிடும்.

செல்போன் இன்னும் சில பாடங்களைச் சொல்லித்தரும். பல போன்கள் ஃபிரேம் வேகத்தைச் சீராக வைத்திருப்பதில்லை. பல்லவியில் ஒட்டிய உதடு, இரண்டாவது சரணத்தில் விலகிப் போய்விடும். எடிட்டிங்குக்கு முன்பே கோப்பை நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொண்டால் இந்தத் தலைவலி தீரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், வகுப்பறை டியூப்லைட்டின் கீழே ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைக்காவிட்டால் படத்தில் பட்டை பட்டையாக ஒளி ஓடும். இதையெல்லாம் புத்தகத்தில் படித்து மறப்பதைவிட ஒரு பாட்டு எடுத்து மாட்டிக்கொள்வது மேல்.

செலவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2006-இல் அமெரிக்காவின் ‘ஓகே கோ’ இசைக்குழு எட்டு டிரெட்மில்களின் மேல் நான்கு பேர் ஆடும் ஒரு பாட்டை வெளியிட்டது. கேமரா அசையவில்லை, ஒரு வெட்டுகூட இல்லை. பாடகரின் சகோதரி டிரிஷ் சீ என்பவர்தான் அதன் இயக்கத்துக்குப் பின்னால் இருந்தவர். அடுத்த ஆண்டு அதற்கு கிராமி விருது கிடைத்தது. யோசனையும் ஒத்திகையும் இருந்தால் பணம் இரண்டாம்பட்சம் என்று காட்டுவதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம்.

பாட்டு மறைக்கும் குறைகள்

கோளாறு தொடங்குவதும் இதே வசதிகளில்தான். எடிட்டிங் மென்பொருளில் பாட்டை ஓடவிட்டு, தாளம் விழும் இடத்திலெல்லாம் ‘எம்’ விசையைத் தட்டிக்கொண்டே போனால் வரிசையாக மார்க்கர்கள் விழும். பிறகு ஒவ்வொரு மார்க்கரிலும் ஒரு ஷாட்டை வைத்து ஒட்டினால் வேலை முடிந்தது. நிமிடத்துக்கு 120 அடி விழும் பாட்டில் அரை நொடிக்கு ஓர் அடி. நான்கு நிமிடத்துக்கு 480 அடிகள். அதில் பாதி இடங்களில் வெட்டினாலே 240 ஷாட்டுகள் ஆகிவிடும். திரையில் பார்த்தால் துடிப்பாக, ‘புரொஃபஷனலாக’ இருக்கும். கைதட்டலும் கிடைக்கும்.

ஆனால் அதில் இரண்டாவது ஷாட்டை எடுத்து இருபதாவது இடத்தில் வையுங்கள், இருபதாவதை இரண்டாவது இடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒன்றும் கெடாது. இடம் மாற்றினால் எதுவுமே கெடாத படத்தில் எடிட்டிங் நடக்கவில்லை, ஒட்டுவேலைதான் நடந்திருக்கிறது. ‘அபோகலிப்ஸ் நவ்’ படத்தின் எடிட்டர்களில் ஒருவரான வால்டர் மர்ச், ஒரு வெட்டை எதை வைத்துத் தீர்மானிப்பது என்று ஆறு அளவுகோல்களை வரிசைப்படுத்தியிருக்கிறார். உணர்ச்சிக்கு 51 விழுக்காடு, கதைக்கு 23, லயத்துக்கு 10. மீதி மூன்றும் அதற்குக் கீழே. நம் மாணவர் ஆல்பங்கள் பலவற்றில் அந்தப் பத்து விழுக்காடே நூறாகிவிடுகிறது. அந்த லயமும் மாணவர் உண்டாக்கியதல்ல, இசையமைப்பாளர் போட்டுக்கொடுத்தது.

லயத்தைப் பொறுத்தவரையிலும் தாளத்தில் வெட்டுவது ஒரு வழி மட்டுமே. நம் இசையில் தாளத்தோடு சேர்ந்து எடுப்பது சமம், முந்தி எடுப்பது அதீதம், தள்ளி எடுப்பது அநாகதம் என்று மூன்று வகை எடுப்பு உண்டு. எல்லாப் பாட்டும் சமத்திலேயே தொடங்கினால் கேட்பவருக்குச் சலித்துவிடும் என்பதைப் பாடகர்கள் எப்போதோ அறிந்திருந்தார்கள். அடி விழுவதற்குச் சற்று முன்னால் வெட்டினால் பார்ப்பவர் மனம் முந்திக்கொண்டு ஓடும். சற்றுத் தள்ளி வெட்டினால் அந்த முகத்தை விட மனமில்லாமல் நிற்கும். மார்க்கர் தட்டிப் பழகிய கைக்கு இந்த இரண்டும் வராமலே போய்விடுகின்றன.

அடுத்தது ஸ்லோ மோஷன். வெறும் நடையையும் இது ‘மாஸ்’ ஆக்கிவிடும் என்பதால் கணக்கில்லாமல் பயன்படுகிறது. பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பாடவைத்து, 50 ஃபிரேமில் எடுத்து, 25-இல் ஓட்டினால் உடல் மிதக்கும், உதடு மட்டும் பாட்டோடு சரியாகப் போகும். அதற்கு ஒத்திகை வேண்டும். அந்த உழைப்பைப் போடுபவர்கள் குறைவு. எடுத்து முடித்த ஷாட்டை மென்பொருளில் இழுத்து நீட்டுபவர்களே அதிகம். ஸ்லோ மோஷனும், படத்துக்கு மேலே பூசும் ஆயத்த வண்ணமும், காரணமில்லாத டிரோன் ஷாட்டும் சேர்ந்து, படத்தில் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்பதை அழகாக மூடிவிடுகின்றன.

அப்படியென்றால் படத்துக்குள் இருப்பது என்ன? பல ஆல்பங்களில் ஒரு பையன், அவன் கண்ணுக்கு மட்டும் தெரியும் ஒரு பெண், பின்தொடர்தல், காதல் தோல்வி, கடைசியில் தண்டவாளத்தில் தனியாக ஒரு நடை. அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை, வேலை இல்லை, பாட்டில் ஒரு வரிகூட இல்லை. சினிமா முப்பது வருடமாகச் செய்து, கண்டிக்கப்பட்டு, தானே கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுவரும் ஒன்றை இருபது வயதுக்காரர்கள் தங்கள் முதல் படைப்பில் மறுபடி நடிப்பதுதான் வருத்தம். தண்டவாளக் காட்சியில் உயிராபத்தும் உண்டு. அத்துமீறி நுழைவதற்கு 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனையும் உண்டு.

ஒலியைப் பற்றி மேலே சொன்ன வசதிக்கும் இன்னொரு பக்கம் இருக்கிறது. ஆல்பம் சாங் மட்டுமே எடுத்துப் பழகியவர் மூன்று வருடப் படிப்பை முடித்து வெளியே வரும்போது, ஒரு நிமிட ஒலியைக்கூடத் தானாகப் பதிவு செய்திருக்க மாட்டார். மைக்கை எங்கே வைப்பது, ஓர் அறையின் மௌனத்தைத் தனியாக ஏன் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதெல்லாம் தெரியாமலே எடிட்டர் ஆகிவிடுவார்.

கடைசியாக, உரிமையும் மதிப்பீடும். சினிமாப் பாட்டுக்குப் படம் எடுத்து யூடியூபில் ஏற்றினால், காப்புரிமையைக் கண்டுபிடிக்கும் ‘கன்டென்ட் ஐடி’ வசதி அதை அடையாளம் கண்டுவிடும். பாட்டின் உரிமையாளர் நினைத்தால் அந்த வீடியோவை முடக்கலாம், அல்லது அதில் வரும் விளம்பர வருமானத்தைத் தனக்கு எடுத்துக்கொள்ளலாம். பாடம் நடத்தும் வகுப்பறைக்குள் சட்டம் தரும் சலுகையை இணையத்தில் எதிர்பார்க்க முடியாது. சட்டம் ஒருபுறமிருக்க, ‘வியூஸ்’ எவ்வளவு என்பதே தரத்தின் அளவாகிவிட்டது. 2011 நவம்பரில் ‘கொலவெறி’ பாட்டின் வீடியோ பரவியபோது அதில் இருந்தது ஓர் ஒலிப்பதிவுக்கூடமும் அங்கே பாடிக்கொண்டிருந்த சிலரும்தான். எளிமை போதும் என்று அதிலிருந்து கற்றவர்கள் சிலர், பரவினால் போதும் என்று கற்றவர்கள் பலர்.

படம் தன் வேலையைச் செய்த இடங்கள்

பாட்டு இருந்தாலே படம் சோம்பேறியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. 2002-இல் மிஷேல் கோந்த்ரி, கெமிக்கல் பிரதர்ஸ் குழுவின் ‘ஸ்டார் கிட்டார்’ இசைக்கு எடுத்த படத்தில் ரயில் ஜன்னலுக்கு வெளியே ஓடும் காட்சி மட்டும்தான் இருக்கிறது. ஆனால் கடந்து போகும் கட்டடங்களும் கம்பங்களும் இசையின் ஒவ்வொரு ஒலிக்கும் ஒன்றாக வந்து விழுகின்றன. அங்கேயும் தாளத்துக்கு ஏற்பத்தான் படம் போகிறது. ஆனால் ஒரு கட்டடத்தை இடம் மாற்றினால் மொத்தமும் குலைந்துவிடும்.

நமக்கு அருகில் 2017 ஜனவரியில் வெளியான ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ இருக்கிறது. கபேர் வாசுகி எழுதி, டி.எம். கிருஷ்ணா பாடி, ரதீந்திரன் பிரசாத் இயக்கியது. எண்ணூர்க் கழிமுகத்தில், அனல்மின் நிலையத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு கர்நாடக இசை பாடப்படுகிறது. மேடையில் பட்டு வேட்டியோடு கேட்டுப் பழகிய இசை அந்த இடத்தில் ஒலிப்பதே படத்தின் வாதம். அதே பாட்டை ஓர் அரங்கத்தில் எடுத்திருந்தால் இசை குறைந்திருக்காது, படம் மட்டும் காணாமல் போயிருக்கும். இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு சிந்தனைதான் என்று மாணவருக்குக் காட்ட இது ஒன்றே போதும்.

என்ன செய்யலாம்?

இந்தப் பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை, நிபந்தனைகளை மாற்றினால் போதும். சினிமாப் பாட்டு கூடாது. ஊரில் பறையடிப்பவர், வில்லுப்பாட்டுக்காரர், ஒப்பாரி பாடும் பாட்டி, விடுதியில் கானா பாடும் நண்பர் என யாருடைய பாட்டையாவது, அவர் சம்மதத்தோடு, உரிய ஊதியம் கொடுத்து மாணவரே பதிவு செய்யட்டும். ஒலியும் கைவரும், காப்புரிமைச் சிக்கலும் வராது. மூன்று நிமிடப் பாட்டுக்கு நாற்பது ஷாட்டுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைக்கலாம். அப்போது ஒவ்வொரு வெட்டுக்கும் விலை கூடும். வாய்மொழித் தேர்வில் ஐந்து வெட்டுகளைக் காட்டி, ஏன் இங்கே வெட்டினாய் என்று கேட்கலாம். ‘பீட் விழுந்தது சார்’ என்ற பதிலுக்கு மதிப்பெண் கிடையாது என்பதையும் முன்பே சொல்லிவிடலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆசிரியர்கள் முதல் முறை பார்க்கும்போது ஒலியை முழுவதுமாக அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். யார் இவர்கள், எங்கே இருக்கிறார்கள், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையில் என்ன மாறியது என்று ஊமைப்படமாகப் பார்க்கும்போதும் புரிந்தால், அது மாணவரின் உழைப்பு. புரியாவிட்டால் நாம் இதுவரை கொடுத்துவந்த மதிப்பெண் இசையமைப்பாளருக்குப் போய்க்கொண்டிருந்தது என்று பொருள். வரும் பருவத்திலிருந்தாவது அதை உரியவருக்குக் கொடுக்கத் தொடங்குவோம்.