ஆணையின் பின்பாதி

1623 ஜனவரி 31 அன்று ரோமிலிருந்து திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி ஓர் ஆணை பிறப்பித்தார். மதுரையில் ஞானஸ்நானம் பெறும் பிராமணர் பூணூல் அணியலாம், குடுமி வைக்கலாம், சந்தனம் பூசலாம், வழக்கம்போல் நீராடலாம். குல அடையாளமாகவும் தூய்மைக்காகவும் அவற்றைக் கொண்டால் தடையில்லை, சமயச் சடங்காகக் கொள்ளலாகாது. இந்த வழக்கங்களைப் பற்றிப் பத்தாண்டுக்கும் மேலாக இழுத்த வழக்கில், அவற்றை அனுமதிக்கக் கோரிய இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நோபிலி வென்றார். அதே ஆண்டு மதுரையை விட்டு வடக்கே நடந்தார். சேந்தமங்கலத்தில் இராமச்சந்திர நாயக்கரைக் கண்டு, அங்கிருந்து சேலம் சேர்ந்தார். சேலத்தை ஆண்டவரின் சகோதரர் திருமங்கல நாயக்கர் 1625-இல் ஞானஸ்நானம் பெற்றார். நோபிலியைப் பற்றிய நூல்கள் மதுரைக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்கிவிட்டு, இந்தச் சேலம் பகுதியைச் சில வரிகளில் கடந்துவிடுகின்றன.

அந்த வழக்கின் இறையியல் முடிச்சு எளிமையானது, ஆனால் அவிழாதது: எது பண்பாடு, எது சமயம்? 1613-இல் இலத்தீனில் எழுதிய விளக்கத்தில் நோபிலி தர்ம சாத்திரங்களையும் திருச்சபைத் தந்தையரையும் அக்குவினாவின் தோமாவையும் அருகருகே நிறுத்தி, பூணூலும் குடுமியும் சமூகக் குறிகளே என்று வாதிட்டார். மதுரையில் அவருக்கு முன்பே பணியாற்றிய கொன்சாலோ பெர்னாண்டஸ் 1616-இல் எதிர்வாதம் எழுதினார். பிராமணச் சடங்குகளை ஒவ்வொன்றாக விவரித்து, எல்லாவற்றிலும் சமயம் ஊறியிருக்கிறது என்றார். 1619-இல் கோவாவில் கூடிய மாநாட்டிலும் இணக்கம் ஏற்படவில்லை.

நோபிலி ஆய்வுக்கு மூலநூல்களைத் தேடித் தந்தவர் சே. இராசமாணிக்கம் அடிகளார். நோபிலியின் தமிழ் உரைநடை நூல்களைப் பதிப்பித்த அவருக்கு நோபிலி மீது மதிப்பு அதிகம். பதிப்பாளரின் அன்பு என்று அதை விட்டுவிடலாம். இறையியலாளர் பிரான்சிஸ் குளூனி, நோபிலியின் இறையியலில் கிறிஸ்து குருவாக வரும் இடத்தைக் கூர்ந்து படித்தார். வரலாற்றாசிரியர் இனெஸ் ஜுபானோவ் 1999-இல் வெளியிட்ட நூல் கேள்வியையே திருப்பிப் போட்டது. நோபிலி இத்தாலியப் பிரபு குலத்தவர். பெர்னாண்டஸ் படைவீரராக இருந்து துறவியான போர்ச்சுகீசியர். இருவரும் தமிழ்ச் சமூகத்தைப் பார்த்த பார்வையில் ஐரோப்பாவின் மேல் கீழ் வேறுபாடும் கலந்திருந்தது என்பது ஜுபானோவின் வாதம். எனக்கு இந்த வாசிப்பே மற்றவற்றைவிட ஆழமாகப் படுகிறது. ஆனால் இவர்கள் எல்லோருமே ஆணையின் முன்பாதியைச் சுற்றித்தான் நிற்கிறார்கள்.

ஆணைக்குப் பின்பாதி ஒன்று உண்டு. குலப்பெருமை உடையவர்கள் எளிய குலத்தவரை இழிவாக நடத்தக் கூடாது, முக்கியமாகக் கோயிலில் இறைவார்த்தை கேட்கும்போதும் அருட்சாதனங்கள் பெறும்போதும் கூடாது என்று திருத்தந்தை மன்றாடிக் கேட்கிறார். முதல் பாதியில் அனுமதி, இரண்டாம் பாதியில் வேண்டுகோள். அனுமதி உடனே நடைமுறைக்கு வந்தது. வேண்டுகோளுக்குக் கிடைத்த விடை வேறு விதமானது: 1640-இல் பல்தசார் தா கோஸ்தா முதல் பண்டாரசாமி ஆனார். சந்நியாசியான குரு உயர்குலத்தாருக்கு, பண்டாரசாமி மற்றவர்க்கு என்று குருக்களிலேயே இரண்டு வகை. வழக்கை வென்ற தர்க்கமே இங்கு வந்து நின்றது. சாதி சமூக வழக்கம் மட்டுமே என்றால், நற்செய்தி அதைத் தொட வேண்டிய கட்டாயமில்லை அல்லவா?

கிறிஸ்தவத்தைத் தமிழ் மரபோடு சேர்த்துப் படித்ததில், சீர்திருத்தச் சபை வழியில் அடுத்த பெரிய வாசிப்பு இறையியலாளர் ஏ.ஜே. அப்பாசாமியுடையது. பாளையங்கோட்டையில் 1891-இல் பிறந்தவர். தமிழ்ப் பக்தி இலக்கியத்தையும் யோவான் நற்செய்தியையும் ஆக்ஸ்போர்டில் ஒப்பிட்டு ஆய்ந்தவர். நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம் என்னும் பொருளில் வரும் யோவான் 10:30-ஐ அத்வைத ஐக்கியமாகப் படிப்பவர்களை அவர் ஏற்கவில்லை. அன்பிலும் சித்தத்திலும் ஒன்றுதல் என்றே கொண்டார். சங்கரரை விட்டு இராமானுஜர் பக்கம் சாய்ந்த கிறிஸ்தவம் அது. 1950-இல் தென்னிந்தியத் திருச்சபையின் கோயம்புத்தூர் திருமண்டலத்துக்கு முதல் பேராயரானார். சேலமும் அதற்குள் அடக்கம். அழகான இறையியல்தான். ஆனால் பக்தரின் உள்ளத்துக்குள் நுழையும் அளவுக்கு, அவர் எந்தத் தெருவிலிருந்து கோயிலுக்கு வருகிறார் என்று அது கேட்பதில்லை.

அந்தக் கேள்வியை 1981-இல் இறையியலாளர் அரவிந்த் நிர்மல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரி உரையில் எழுப்பினார். பின்னர் சென்னை குருகுலம் இறையியல் கல்லூரியில் தலித் இறையியலை வளர்த்தெடுத்தார். அவர் கையிலெடுத்த பகுதி உபாகமம் 26: அலைந்து திரிந்த அரமேய மூதாதையை நினைவுகூரும் அறிக்கை. ஜெர்மானிய அறிஞர் ஃபான் ராட் 1938-இல் இதை இஸ்ரயேலின் பழைய விசுவாச அறிக்கை என்றார். பின்வந்தோர் இதன் நடையில் பிற்காலக் கையைக் கண்டு அவரை மறுத்தனர். காலக் கணக்கு எதுவானாலும், அடிமைப்பட்டு அழுதவரின் குரலாக நிர்மல் அதைப் படித்த விதம் தலித் கிறிஸ்தவருக்குத் தங்கள் முன்வரலாற்றைத் திருப்பித் தந்தது. ஆணையின் பின்பாதி மூன்றரை நூற்றாண்டு கழித்துப் படிக்கப்பட்டதாகவே நான் இதைக் கொள்கிறேன். இந்த முறை வேண்டியவர் திருத்தந்தை அல்லர், பாதிக்கப்பட்டவரே கேட்டார்.

நிர்மலின் வாசிப்பிலும் ஓர் இடறல் உண்டு. அந்த அறிக்கை கூடையோடு சொல்லப்படுவது. நிலம் கிடைத்தது, விளைந்தது, முதற்பலன் இதோ என்று பீடத்தின் முன் வைக்க வேண்டும். அந்த நிலத்தில் முன்பு யார் இருந்தார்கள் என்று 1989-இல் கேட்டவர் அமெரிக்கப் பூர்வகுடி அறிஞர் இராபர்ட் ஆலன் வாரியர். யாத்திராகமத்தைக் கானானியர் கண்ணால் படித்தால் விடுதலைக் கதை பறிப்புக் கதையாகிறது என்றார்.

சேலத்தை அடுத்த மேட்டூரில், நிலம் யாருடையது என்ற இந்தக் கேள்வி இன்னொரு பக்கம் திரும்புகிறது. 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த அணை, 120 அடிக்கு நீரைத் தேக்கிக் காவிரிக்கரை ஊர்களை மூழ்கடித்தது. நீர்மட்டம் இறங்கும் கோடையில் பண்ணவாடிப் பக்கம் பழைய தேவாலயத்தின் இரட்டைக் கோபுரமும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் வெளியே தெரியும். செய்தித்தாள்கள் படம் போடும். அந்தத் தேவாலயத்தில் அறுவடைக் காணிக்கை வைத்தவர்களின் வழித்தோன்றல்கள் கூடையில் எதை வைத்து உபாகமம் 26-ஐச் சொல்வார்கள்? பட்டாதாரராக இருந்தவர் இழந்தது ஒன்று, அவர் வயலில் கூலிக்கு உழைத்தவர் இழந்தது வேறு. அதே அதிகாரத்தின் 11, 12 வசனங்கள் நிலமில்லாத லேவியரையும் அந்நியரையும் அநாதையையும் கைம்பெண்ணையும் பங்கில் சேர்க்கின்றன. நிலமுள்ளவரின் அறிக்கைக்கு அடுத்து நிலமற்றவரின் பங்கை ஏன் இவ்வளவு அவசரமாகச் சொல்ல வேண்டியிருந்தது என்பதிலிருந்து மேட்டூர் வாசிப்பைத் தொடங்கலாம். ஞானஸ்நானப் பதிவேடுகளும் இடம்பெயர்ந்த குடும்பங்களின் வாய்மொழியும் அதற்குத் துணைநூல்கள்.