படித்துவிட்டுக் கொடுங்கள்

எங்கள் ஊர் வாடகை நூல்நிலையத்தில் மதிப்புரையும் புத்தகத்துக்குள்ளேயே கிடைக்கும். மாத நாவலின் முதல் பக்கத்தில் முந்தைய வாசகர்கள் பென்சிலால் 'சுமார்', 'அழுதுவிட்டேன்', 'காசுக்குக் கேடு' என்று எழுதிவைத்திருப்பார்கள். ஒருமுறை ஆசையாக ஒரு துப்பறியும் நாவலை எடுத்து வந்தேன். மூன்றாம் பக்கத்திலேயே, 'டிரைவர்தான் கொன்றவன்' என்று நீல மையில் எழுதி அடிக்கோடு வேறு போட்டிருந்தது. அந்தக் கையெழுத்துக்காரரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனாலும் ஒரு புத்தகத்தை இன்னொருவருக்குச் சிபாரிசு செய்வது பற்றி யோசிக்கும்போதெல்லாம் அந்த நீல மைதான் நினைவுக்கு வருகிறது. அவர் எழுதியது பொய்யில்லை. எந்தப் புத்தகத்தைப் பற்றி எதைச் சொல்லலாம், எதை விழுங்கிவிட வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

எங்கள் வாசகர் வட்டத்துக்காக ஒரு பட்டியல் போடச் சொன்னார்கள். புதிய புனைகதை, மர்மம், மனத்தை ஒருநிலைப்படுத்தும் நூல்கள் என்று மூன்று தலைப்பு. உட்கார்ந்து எழுதத் தொடங்கிய பிறகுதான், இந்த மூன்றுக்கும் ஒரே குரலில் பரிந்துரை எழுத முடியாது என்று புரிந்தது.

தமிழில் சிபாரிசையே ஓர் இலக்கியச் செயலாக ஆக்கியவர் க.நா.சு. 'படித்திருக்கிறீர்களா?' என்று அவர் தன் நூலுக்கு வைத்த பெயரிலேயே எல்லாம் இருக்கிறது. கட்டளையும் இல்லை, கெஞ்சலும் இல்லை. திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்பது போன்ற ஒரு கேள்வி. அவர் செய்த மொழிபெயர்ப்புகளும் ஒருவகைச் சிபாரிசுகளே. பேர் லாகர்குவிஸ்டின் 'பாரபாஸ்' நாவலை 'அன்பு வழி' என்று அவர் கொண்டுவந்தார். அடுத்த தலைமுறை எழுத்தாளர்கள் பலர் தம்மை அசைத்த புத்தகம் என்று அதைச் சொல்லியிருக்கிறார்கள். பிறகு கணையாழியின் கடைசிப் பக்கத்திலும் 'கற்றதும் பெற்றதும்' தொடரிலும் சுஜாதா அதே வேலையைப் பெருங்கூட்டத்துக்குச் செய்தார். இரண்டே வரிதான் எழுதுவார். அந்த இரண்டு வரியை நம்பிப் புத்தகம் வாங்கியவர்கள் என் தலைமுறையில் ஏராளம். எஸ். ராமகிருஷ்ணனும் ஜெயமோகனும் போட்ட பட்டியல்களைக் கையில் வைத்துக்கொண்டு புத்தகக் காட்சியில் அலைந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் எது சிறந்தது என்று சொல்லும் பட்டியல், அது யாருக்கு என்று சொல்வதில்லை. அது நண்பர்கள் செய்ய வேண்டிய வேலை.

புதிய புனைகதை என்றால் எது புதியது? பெருமாள்முருகனின் 'ஆளண்டாப் பட்சி' தமிழில் வந்தது 2012இல். ஜனனி கண்ணனின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 2023இல் ஜேசிபி பரிசு கிடைத்தது. அதன் பிறகு அதைப் புது நாவல் என்று நினைத்து என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அதில் தவறில்லை, படிக்காத புத்தகம் எல்லாம் புதியதுதான். பங்கு பிரிந்து, பிறந்த மண்ணில் இருக்கப் பிடிக்காமல், வண்டி கட்டிக்கொண்டு நிலம் தேடிப் போகும் முத்துவின் கதையை முழுக்கச் சொல்லிவிட்டே உங்களிடம் நீட்டுவேன். ஒன்றும் குறைந்துவிடாது.

இமையத்தின் 'செல்லாத பணம்' நாவலும் அப்படித்தான். பெற்றோர் தடுத்தும் கேட்காமல் ஆட்டோ ஓட்டுபவனைக் கட்டிக்கொண்ட பொறியியல் படித்த பெண், உடல் முழுக்கத் தீக்காயத்தோடு ஜிப்மரில் கிடக்கிறாள். வார்டுக்கு வெளியே அவளுடைய சொந்தங்கள் காத்திருக்கிறார்கள். கதை இவ்வளவுதான். முடிவு என்ன ஆகும் என்பது சில பக்கங்களிலேயே தெரிந்துவிடும். ஆனாலும் அந்தப் பேச்சுகளை நிறுத்தி நிறுத்தித்தான் படிக்க முடியும். 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. மனம் சரியில்லாத நாளில் யாருக்கும் இதைக் கொடுக்காதீர்கள்.

தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' 2023இல் அதே விருதைப் பெற்றது. கொங்கு நாட்டுக் குடிநாவிதர் குடும்பங்களின் உறவும் பிணக்கும் ஒரு சாவைச் சுற்றித் திரள்கிற நாவல். தலைப்பு கணியன் பூங்குன்றனார் பாட்டிலிருந்து எடுத்தது. யாதும் ஊரே என்பதை மட்டும் மேடைகளில் கேட்டுப் பழகியவர்களுக்கு, அதே பாட்டின் ஆற்றையும் தெப்பத்தையும் இந்த நாவல் திருப்பிக் கொடுக்கிறது. ஈழத்திலிருந்து ஒன்று சொல்வதென்றால் ஷோபாசக்தியின் 'இச்சா'. அதைப் பற்றி ஒரு வாக்கியத்தில் பேச எனக்குத் துணிவில்லை. எடுத்துப் படியுங்கள்.

மர்மத்துக்கு வந்தால்தான் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தமிழ் நாவலுக்குக் கூட்டம் சேர்த்தவர்களே மர்மக்காரர்கள்தான். ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவல்களைத் தழுவி எழுதிக் குவித்தார். ஜே.ஆர். ரங்கராஜு 'ராஜாம்பாள்' நாவலில் துப்பறியும் கோவிந்தனை இறக்கினார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'கும்பகோணம் வக்கீல்' 1950இல் 'திகம்பர சாமியார்' என்ற படமாகி, எம்.என். நம்பியாருக்கு வேஷத்துக்கு மேல் வேஷம் போட வாய்ப்புக் கொடுத்தது. பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று பெரியவர்கள் ஒளித்துவைத்ததும், ஒளித்துவைத்த இடத்தைப் பிள்ளைகள் துப்பறிந்ததும் பல வீட்டுக் கதை.

தேவன் இந்த வகையையே தலைகீழாக்கினார். துப்பறியும் சாம்புவுக்குத் துப்பறியத் தெரியாது. அவர் தடுக்கி விழுகிற இடத்தில் திருடன் அகப்படுவான். எந்த வயதுக்காரருக்கும் இன்றைக்கும் தயங்காமல் கொடுக்கலாம். முடிவைச் சொன்னாலும் கெடாத மர்மக் கதை என் அறிவுக்கு அது ஒன்றுதான். அவருடைய 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்' பற்றி மட்டும் வாய் திறக்காதீர்கள். ஒரு கொலை வழக்கை நீதிமன்றத்துக்குள்ளேயே நடத்திக்கொண்டு போகும் அந்த நாவலை, நீதிமன்றத் தொடர்களை இரவெல்லாம் பார்க்கிற இளைஞர்களுக்கு நான் கொடுப்பதுண்டு.

சுஜாதாவின் கணேஷ் 'நைலான் கயிறு' நாவலில் தனியாகத்தான் வந்தார். வசந்த் பிறகு வந்து சேர்ந்தார். பாதி வாசகர்களைத் தன் பக்கம் இழுத்தும் கொண்டார். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் 'கொலையுதிர் கால'த்தைக் கொடுப்பேன். ஒரு பழைய மாளிகை, பேயா விஞ்ஞானமா என்று ஒரு கேள்வி. இதற்கு மேல் ஒரு சொல் சொன்னாலும் நான் நீல மைக்காரன் ஆகிவிடுவேன்.

ராஜேஷ்குமாருக்கு எப்படிச் சிபாரிசு எழுதுவது? 1,500க்கு மேல் நாவல் எழுதியவர். தலைப்பைச் சொல்லிப் பயனில்லை. 'ஒரு ராஜேஷ்குமார் கொடுங்க' என்றுதான் பஸ் நிலையக் கடையில் கேட்பார்கள். டீ கேட்பது மாதிரி. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலாவுக்கும், சுபாவின் நரேன்-வைஜயந்திக்கும் இதே கதைதான். அண்மைக்காலத்தில் எனக்கு வியப்பளித்தது ஜெயமோகன் மர்மத்தின் பக்கம் வந்தது. ஔசேப்பச்சன் என்ற ஓய்வுபெற்ற காவல் அதிகாரியின் வாயால் அவர் சொல்லும் 'பத்துலட்சம் காலடிகள்' முதலான கதைகளில், குற்றத்தை விட அதன் பின்னால் இருக்கும் சமூக வரலாறுதான் துலங்குகிறது.

பிறமொழி மர்மத்தில் கேகோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்'. யார் யாரைக் கொன்றார்கள் என்பது முதல் அத்தியாயத்திலேயே கண்முன் நடந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக் கணித ஆசிரியர் அதை எப்படி மறைக்கிறார் என்பதுதான் மிச்சக் கதை. நீல மைக்காரருக்கு இந்தப் புத்தகத்தில் வேலையே இல்லை என்று நினைத்தேன். கடைசிக்கு முந்தைய அத்தியாயங்களில் அவருக்கும் வேலை இருக்கிறது.

மூன்றாவது தலைப்புக்குத் தமிழில் இன்னும் சரியான பெயர் நிலைக்கவில்லை. மைண்ட்ஃபுல்னஸ் என்பதை ஒருவர் மனவிழிப்பு என்கிறார், ஒருவர் முழுக்கவனம் என்கிறார். மூலமான 'சதி' என்ற பாலிச் சொல்லுக்கு நினைவு என்றும் பொருள் உண்டு. எனக்குக் கவனம் என்ற எளிய சொல்லே போதும். சாலையைக் கடக்கும்போது அம்மா சொல்லும் அதே கவனம்.

மர்மத்துக்கும் இந்த வகைக்கும் தமிழில் ஒரு பழைய பாலம் உண்டு: தமிழ்வாணன். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வலம்வந்த அவர், துப்பறியும் சங்கர்லாலை உலகம் சுற்றவிட்ட அதே கையால் வாழ்க்கையில் முன்னேற வழி சொல்லும் நூல்களையும் எழுதினார். அப்துற் றஹீமின் 'வாழ்க்கையில் வெற்றி', எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' எல்லாம் 'எழுந்து ஓடு' என்றன. இன்றைய அலமாரி 'உட்கார், மூச்சைப் பார்' என்கிறது. இந்தத் திருப்பத்துக்குக் கட்டியம் கூறியது விகடனில் வந்த சுவாமி சுகபோதானந்தாவின் 'மனசே ரிலாக்ஸ் ப்ளீஸ்'.

இந்த வகையில் ஒன்றே ஒன்று வாங்குவதானால் திக் நாட் ஹானின் 'தி மிரக்கிள் ஆஃப் மைண்ட்ஃபுல்னஸ்'. அது புத்தகமாக எழுதப்பட்டதே அல்ல. நாடு திரும்ப முடியாமல் பிரான்சில் இருந்த அந்த வியட்நாமியத் துறவி, போர் நடுவே சமூகப்பணி செய்துகொண்டிருந்த தன் தோழர் ஒருவருக்கு 1974இல் எழுதிய நீண்ட கடிதம். பாத்திரம் கழுவும்போது பாத்திரம் கழுவு, கமலாப்பழம் தின்னும்போது கமலாப்பழம் தின் என்று அவர் சொல்வது, குண்டு விழும் ஊரில் இருப்பவருக்கு. ஒருவரை நினைத்து எழுதியதால்தான் அதில் அலட்டல் இல்லை.

ஜான் கபாட்-ஜின் 1979இல் அமெரிக்க மருத்துவமனை ஒன்றில், தீராத வலியோடு வந்தவர்களுக்கு இதை எட்டு வாரப் பயிற்சியாக மாற்றினார். அவருடைய பெரிய நூல் வலியோடு வாழ்கிறவர்களுக்கு உதவும், மற்றவர்களுக்கு நீளம். அதன் பின்னால் கிளம்பிய நூல்களில் பெரும்பாலானவை ஒரு பக்கத்துச் சரக்கை இருநூறு பக்கத்துக்கு இழுத்தவை. மாற்று மருந்தாக ரொனால்ட் பர்சரின் 'மெக்மைண்ட்ஃபுல்னஸ்' படிக்கலாம். வேலைப்பளுவைக் குறைக்காமல் மூச்சை மட்டும் கவனிக்கச் சொல்லும் முதலாளிகளை அவர் உரிக்கிறார். பிரிட்டனில் 8,000க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களை வைத்துச் செய்து 2022இல் வெளியான ஆய்விலும், பள்ளியில் ஏற்கெனவே நடக்கும் மனநலப் பாடங்களை விட இந்தப் பயிற்சி கூடுதல் பலன் தரவில்லை என்றே தெரிந்தது.

இவ்வகை நூலைக் கொடுப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வேலை போய்க் கலங்கியிருந்த தோழி ஒருத்திக்கு இப்படி ஒரு நூலைக் கொடுத்தேன். அட்டையைப் பார்த்துவிட்டு, "ஏன், என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது?" என்றாள். நாவலைக் கொடுத்தால் அது நாவலைப் பற்றிய பேச்சு. இதைக் கொடுத்தால் அது வாங்குகிறவரைப் பற்றிய தீர்ப்பு. அதனால் இப்போதெல்லாம் சமந்தா ஹார்வியின் 'ஆர்பிட்டல்' நாவலைக் கொடுக்கிறேன். 2024இன் புக்கர் பரிசு. விண்வெளி நிலையத்தில் ஆறு பேர் ஒரே நாளில் பூமியைப் பதினாறு முறை சுற்றி வருகிறார்கள். கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, பார்க்கிறார்கள். வாசகரும் கூடவே பார்க்கத் தொடங்குகிறார். மிச்சிகோ அவோயாமாவின் நூலக நாவலையும் சேர்த்துக்கொள்ளலாம். அதில் வரும் நூலகர் கேட்டதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு புத்தகத்தையும் பட்டியலில் செருகிவிடுவார். கூடவே தன் கையால் செய்த ஒரு சின்னக் கம்பளிப் பொம்மையையும் கொடுப்பார். கொஞ்சம் சர்க்கரை தூக்கல்தான்.

தோழி மூன்று வாரம் கழித்து என் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: '40ஆம் பக்கம் வரை. பிறகு நன்றாகத் தூங்கிவிட்டேன்.' அடுத்து ஒரு மர்ம நாவல் வேண்டுமாம். அதுவும் யாரும் எதுவும் எழுதிவைக்காத பிரதியாக.