வாசல் தேடி வரும் சிகிச்சை

திருட்டு வழக்கில் பிடிபட்ட பதினைந்து வயதுப் பையனைச் சீர்திருத்தப் பள்ளியில் அடைத்தால், தன்னைவிடக் கைதேர்ந்தவர்களிடம் பாடம் கேட்டுத் திரும்புவான். ஆலோசகரின் அறைக்கு வாரம் ஒருமுறை வரச் சொன்னால், பாதி நாள் வரமாட்டான். அப்படியானால் ஆலோசகரே அவன் வீட்டுக்குப் போகட்டும் என்றார்கள் அமெரிக்க உளவியலாளர்கள் ஸ்காட் ஹெங்கெலரும் சார்ல்ஸ் போர்டுயினும். அவர்கள் வகுத்த முறைக்கு மல்டிசிஸ்டமிக் தெரபி, சுருக்கமாக எம்.எஸ்.டி., என்று பெயர்.

ஒரு சிகிச்சையாளருக்கு ஒரே நேரத்தில் நான்கு முதல் ஆறு குடும்பங்கள்தாம். மூன்றிலிருந்து ஐந்து மாதங்கள் வீட்டுக்கே போகிறார். நள்ளிரவில் அழைத்தாலும் குழுவில் யாராவது எடுப்பார்கள். பேச்சில் பெரும்பகுதி பையனோடு அல்ல, பெற்றோரோடு. இரவில் அவன் யாருடன் சுற்றுகிறான், பள்ளிக்கு மட்டம் போட்டால் அம்மாவுக்கு யார் சொல்வது, வேலை முடிந்து அவள் வரும்வரை எந்த உறவினர் அவனைப் பார்த்துக்கொள்வார் என்பவைதாம் கேள்விகள். அவனுடைய ஆழ்மனத்தைத் தோண்டுவதைவிட இது புத்திசாலித்தனமான வேலை என்றே எனக்குப் படுகிறது. ஆனால் புத்திசாலித்தனமாகத் தெரிவது வேறு, பலன் தருவது வேறு.

பலனுக்குச் சான்றாக எப்போதும் காட்டப்படுவது 1995இல் வெளியான மிசௌரி ஆய்வு. 176 இளைஞர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தால், தனிநபர் ஆலோசனை பெற்றவர்களில் 71 சதவீதம் பேர் மீண்டும் கைதாகியிருந்தனர், எம்.எஸ்.டி. பெற்றவர்களில் 26 சதவீதம்தான். கூடுதல் நேரம் செலவிட்டதால் வந்த பலன் என்றும் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் தனிநபர் ஆலோசனைக்கே சராசரி நேரம் சற்று அதிகம். சுமார் 22 ஆண்டுகள் கழித்தும் இரு தரப்புக்கும் வித்தியாசம் இருந்தது.

எண்கள் பெரியவை. ஆனால் முறையை வகுத்தவர்களில் ஒருவரே அங்கே மேற்பார்வையாளர். வீடுகளுக்குப் போனவர்கள் அவரிடம் பயின்ற உளவியல் மாணவர்கள். சமையல்காரரே பந்தியில் உட்கார்ந்து ருசிக்கு மதிப்பெண் போட்டதாக நான் சொல்லவில்லை. கைதுக் கணக்கு நீதிமன்றப் பதிவிலிருந்து வந்தது. ஆயினும், அந்தக் கைகளில் விளைந்தது எந்தக் கையிலும் விளையுமா என்ற கேள்விக்கு அந்த ஆய்வில் பதில் இல்லை.

பதில் வெளிநாடுகளிலிருந்து வந்தது. நார்வேயின் முதல் சோதனை சாதகம். கனடாவின் ஒன்டாரியோவில் 409 குடும்பங்கள், ஸ்வீடனில் 156 இளைஞர்கள்: இரண்டிலும் வழக்கமான சேவையை எம்.எஸ்.டி. மிஞ்சவில்லை. கிடைத்த சோதனைகளையெல்லாம் சேர்த்து எடைபோட்ட ஜூலியா லிட்டெல், 2005இலேயே சான்று உறுதியானதல்ல என்றார். இங்கிலாந்தில் ஒன்பது இடங்களில் 684 குடும்பங்களை வைத்து நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. 18 மாதத்தில் வீட்டைவிட்டு வெளியே வைக்கப்பட்டவர்கள் எம்.எஸ்.டி. தரப்பில் 13 சதவீதம், வழக்கமான சேவையில் 11. தொடக்க மாதங்களில் வீட்டில் அமைதி கூடியதாகப் பெற்றோர் சொன்னார்கள், அது நிலைக்கவில்லை. ஐந்தாண்டுக்குப் பின் பார்த்த குற்றக் கணக்கிலும் வித்தியாசம் இல்லை.

ஆதரவாளர்களுக்கு ஒரு விடை உண்டு. இங்கிலாந்தில் 1998 சட்டத்துக்குப் பிறகு காவல்துறை, பள்ளி, சமூகநலம், சுகாதாரம் ஆகிய துறைகளின் ஆட்கள் இளங்குற்றவாளிகளுக்கான ஒரே குழுவில் வேலை செய்கிறார்கள். 'வழக்கமான சேவை'யே அங்கே கனமானது. மிசௌரியில் எதிர்த்தரப்பு தனி ஆலோசனை மட்டும். இதை நான் ஏற்கிறேன். பத்தில் ஒருவர்தான் வீட்டைவிட்டுப் போகும் இடத்தில் குறைப்பதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? ஆனால் இந்த விடை எம்.எஸ்.டி.யைக் காப்பாற்றவில்லை. நல்ல சேவை ஏற்கெனவே இருக்கும் இடத்தில், உரிமக் கட்டணமும் தனிப் பயிற்சியும் கேட்கும் இந்த முறை தேவையில்லை என்பதைத்தான் அது ஒப்புக்கொள்கிறது.

ஆக, குற்றம் செய்த பிள்ளையின் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்குக் கைகொடுப்பது சரியான வழிதான். ஒன்றுமில்லாத இடத்தில் அது பெரிய மாற்றம் தரக்கூடும். எம்.எஸ்.டி. என்ற முத்திரை குத்தினால்தான் பலிக்கும் என்ற வாதம் தேறவில்லை.

நம் நாட்டுக்கு இது வெளியூர்ச் செய்தியல்ல. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிள்ளையைக் காப்பக இல்லத்தில் வைப்பது கடைசி வழி என்கிறது. அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம், பெற்றோர் பொறுப்பில் மூன்று ஆண்டுகள்வரை நன்னடத்தைக் கண்காணிப்பில் விடலாம் என்று இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அதிகாரம் தருகிறது. பெற்றோருக்கும் ஆலோசனை உண்டு என்று எழுதியிருக்கிறது. நன்னடத்தை அலுவலர் 15 நாளில் சமூக விசாரணை அறிக்கை தரவேண்டும். அதற்காக அவர் வீட்டுக்குப் போவார், விசாரிப்பார், எழுதுவார். அறிக்கை கொடுத்தபின், பதினாறாம் நாள் அந்த வீட்டுக் கதவை யார் தட்டுவது? எம்.எஸ்.டி.யிடமிருந்து கடன் வாங்குவதென்றால் கையேட்டை விட்டுவிட்டு, ஓர் ஆளுக்கு ஆறு வீடுகளுக்கு மேல் இல்லை என்ற அந்தக் கணக்கை வாங்கலாம். நிதித்துறை முகம் சுளிக்கும் கணக்கும் அதுதான்.