பேசும் அஞ்சல்தலையும் நடந்த தூதரும்: பூட்டான் அஞ்சல் அருங்காட்சியகம் பற்றிய ஒரு திறனாய்வு



உயர்நிலை 3 வகுப்பில் ஒருமுறை கண்காட்சித் திறனாய்வு எழுதச் சொன்னேன். வந்த கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருந்தன. பல பொருள்கள் இருந்தன, எல்லாம் அழகாக இருந்தன, மகிழ்ச்சியோடு வீடு திரும்பினேன் என்று முடிந்துவிட்டன. தவறு மாணவர்கள் மேல் மட்டும் இல்லைங்க. நல்ல மாதிரி ஒன்றை நான் காட்டவே இல்லை. அதனால் டிசம்பர் விடுமுறையில் பார்த்த ஒரு கண்காட்சியைப் பற்றி நானே எழுதிப் பார்க்கிறேன்.

இடம், பூட்டானின் தலைநகர் திம்பு. அங்குள்ள தலைமை அஞ்சலகக் கட்டடத்திலேயே 2015 முதல் அஞ்சல் அருங்காட்சியகம் இயங்குகிறது. பூட்டானின் மக்கள்தொகை எட்டு இலட்சத்துக்கும் குறைவு. ஆனால் அஞ்சல்தலை சேகரிப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அந்த நாட்டின் பெயரைத் தெரியாதவர் இருக்க மாட்டார்.

கண்காட்சி அஞ்சல்தலையிலிருந்து தொடங்கவில்லை, மனிதரிலிருந்து தொடங்குகிறது. இது எனக்கு மிகவும் பிடித்தது. பூட்டானில் மோட்டார் சாலை வந்ததே 1960களின் தொடக்கத்தில்தான். அதற்கு முன் 'கர்ப்' எனப்பட்ட தூதர்கள், ஒரு கோட்டையிலிருந்து இன்னொரு கோட்டைக்கு மலைகளையும் கணவாய்களையும் கடந்து கால்நடையாகவே செய்தி கொண்டு போனார்கள். நாம் விளையாட்டுப் போட்டியில் 'அஞ்சல் ஓட்டம்' என்கிறோமே, அந்தச் சொல் எனக்கு அங்கே நினைவுக்கு வந்தது. ஓடிக் கடிதம் கொண்டு போன காலம் அந்தச் சொல்லுக்குள் இன்னும் இருக்கிறது.

1962இல் பூட்டான் தன் முதல் அஞ்சல்தலைகளை வெளியிட்டது. அந்த வரிசையில் மிகக் குறைந்த மதிப்புள்ளது 2 சேத்ரம். அதில் அரசர் படம் இல்லை, தபால் சுமந்து ஓடுபவரின் படம்தான் இருக்கிறது. கடிதத்தைச் சுமந்தவரையே கடிதத்தின் மேல் ஒட்டினார்கள். இந்தக் கண்காட்சியில் ஒன்றை மட்டும் பாருங்கள் என்று சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

அடுத்து வருபவைதான் பூட்டானுக்குப் பெயர் வாங்கித் தந்தவை. அரச குடும்பத்துக்கு நண்பரான பர்ட் டாட் என்ற அமெரிக்க வணிகர் அஞ்சல்தலைத் திட்டத்தை நடத்தினார். விற்பனையால் நாட்டுக்கு வெளிநாட்டுப் பணம் வரவேண்டும் என்பது நோக்கம். சாதாரணத் தாளில் அச்சிட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? எனவே விதவிதமாகச் செய்தார்கள். பனிமனிதன் 'எட்டி' இடம்பெற்ற அஞ்சல்தலைகள், அசைத்தால் ஆழம் தெரியும் முப்பரிமாண அஞ்சல்தலைகள், மெல்லிய எஃகுத் தகட்டில் அச்சானவை, பட்டுத் துணியில் அச்சானவை, ரோஜா மணம் வீசுபவை எல்லாம் வந்தன.

1970களின் தொடக்கத்தில் வந்த 'பேசும் அஞ்சல்தலை' இவற்றின் உச்சம். அது பார்ப்பதற்குச் சின்ன இசைத்தட்டு. பின்பக்கத் தாளை உரித்தால் ஒட்டலாம், இசைத்தட்டுப் பெட்டியில் வைத்தால் பாடும். தேசிய கீதம், நாட்டுப்புறப் பாடல்கள், பூட்டானின் சுருக்கமான வரலாறு எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. தொடக்கத்தில் சேகரிப்பாளர்கள் பலர் இதை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கினார்கள். இன்றோ அதிக விலை கொடுத்துத் தேடி வாங்குகிறார்கள்.

இங்கேதான் என் கேள்வி எழுகிறது. இந்த அஞ்சல்தலைகள் யாரோடு பேசின? முப்பரிமாண வரிசையில் விண்வெளிப் பயணமும் பழைய மோட்டார் கார்களும் வருகின்றன. திம்புவுக்குச் சாலை வந்து பத்து ஆண்டுகூட ஆகாத நாடு, வெளிநாட்டுக் கார்களை அஞ்சல்தலையில் விற்றது! உள்ளூர் விவசாயி அதை வாங்கி மகளுக்குக் கடிதம் போட்டிருப்பாரா? பெரும்பாலானவை எந்த உறையிலும் ஒட்டப்படாமல் நேராகச் சேகரிப்பாளரின் தொகுப்பேட்டுக்குள் போகவே அச்சானவை.

அப்படியானால் எல்லாம் வெறும் வியாபாரம்தானா? அவசரப்பட்டு அப்படி எழுதிவிடாதீர்கள், மாணவர்களே. பூட்டான் அனைத்துலக அஞ்சல் ஒன்றியத்தில் சேர்ந்தது 1969இல், ஐக்கிய நாடுகள் சபையில் சேர்ந்தது 1971இல். அதற்கு முன்பே அதன் பெயர் அஞ்சல்தலை வழியாகப் பல நாட்டு வீடுகளுக்குள் போய்விட்டது. தொலைக்காட்சியே 1999இல்தான் வந்த நாட்டுக்கு, தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேறு என்ன வழி இருந்தது? பட்டில் அச்சிட்ட அஞ்சல்தலைகளில் பூட்டானின் பௌத்த ஓவியங்கள் இருக்கின்றன. பேசும் அஞ்சல்தலையில் அவர்கள் மொழியும் பாட்டும் இருக்கின்றன. உத்தி வெளியாருடையது, ஆனால் குரல் உள்ளூர்க் குரல். விண்வெளி அஞ்சல்தலையையும் இதையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியவில்லை.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக்குள் பார்க்கும்போது 'உலகிலேயே முதன்முதலில்' என்ற வியப்பு நம்மை இழுக்கிறது. ஆனால் இரண்டாம் முறை சுற்றி வந்தபோது என்னை நிறுத்தியது அந்த 2 சேத்ரம்தான். புதுமை ஒருமுறை வியக்க வைத்தது. உழைப்பைக் காட்டிய படம் திரும்பவும் பார்க்க வைத்தது. எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் இரண்டாம் முறை எதன் முன்னே நின்றீர்கள் என்று உங்களையே கேளுங்கள். உங்கள் திறனாய்வுக்கான கருத்து அதிலிருந்து கிடைக்கும்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நம் படத்தையே அஞ்சல்தலையாக அச்சிட்டுத் தரும் சேவையும் அந்த அஞ்சலகத்தில் உண்டு. என் முகம் போட்ட ஒன்றை அஞ்சலட்டையில் ஒட்டி வகுப்புக்கு அனுப்பினேன். பள்ளி திறந்து சில வாரம் கழித்து வந்து சேர்ந்தது. "டீச்சர், இது ஸ்டிக்கரா?" என்று ஒரு மாணவன் கேட்டான். இன்னொருத்தி படத்தைப் பார்க்கவே இல்லை. அதன் மேல் விழுந்திருந்த மங்கலான முத்திரையைத் தடவிப் பார்த்து, "உண்மையிலேயே அங்கேருந்து வந்துச்சா, டீச்சர்?" என்றாள். அவள் கேட்டதுதான் சரியான கேள்வி.

வகுப்பில் கலந்துரையாட மூன்று கேள்விகள்:

1. கடிதத்தில் ஒட்டப்படாத அஞ்சல்தலையை அஞ்சல்தலை என்று சொல்லலாமா? காரணம் தருக.

2. ஒரு சிறிய நாடு தன்னை உலகுக்கு அறிமுகப்படுத்தும்போது, வாங்குபவரின் விருப்பத்துக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம்?

3. உங்கள் நாட்டுக்கு 2 காசு அஞ்சல்தலை ஒன்று வெளியிட்டால், யாருடைய உழைப்பை அதில் காட்டுவீர்கள்? ஏன்?

மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்களைத் தவறாமல் படித்துப் பாருங்கள், ஆசிரியர்களே. திறனாய்வு எழுதத் தெரியாது என்று நாம் நினைத்த பிள்ளைகள்கூடக் காரணம் சொல்லத் தொடங்குவார்கள்.