தெரியாமல் வில்லனாகும் நாயகர்கள்

மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிக் கதை வளர்க்கும் விளையாட்டுக்கு வில்லனாகவே வருகிறவர்கள் குறைவு. ஆனால் சரணடைந்த கூலிப்படைக்காரனைக் கட்டி இழுத்துப் போக நேரமில்லை என்று கொல்வார்கள். பிறகு தகவல் வேண்டி ஒரு கைதியின் விரல் போகும். சில வாரத்தில், விலை குறைக்காத வணிகனின் கடை எரியும். கேட்டுப் பாருங்கள், ஊரைக் காக்க வந்தவர்கள் நாங்கள் என்பார்கள். இவர்களை விளையாட்டை நடத்துபவர் எப்படி வழிக்குக் கொண்டுவருவது? ஐம்பது ஆண்டுகளாக விதிநூல்கள் இதற்கு விதவிதமாக விடை எழுதி வருகின்றன.

பழியில் பாதி விதிகளையே சேரும். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டில், கொண்டுவந்த பொற்காசு ஒன்றுக்கு அனுபவப் புள்ளி ஒன்று. கொன்றதற்குத் தனிப் புள்ளி. கொள்ளைக்குக் கூலி கொடுத்துவிட்டு ஏன் கொள்ளையனானாய் என்று கேட்பது என்ன நியாயம்? 1979இல் வந்த நடத்துநர் கையேடு ஏறக்குறைய அதைத்தான் கேட்டது. ஒவ்வொரு பாத்திரத்தின் நடத்தையையும் நடத்துநர் கட்டம் போட்டுக் குறித்துவர வேண்டும். ஏற்றுக்கொண்ட அறநெறியிலிருந்து பாத்திரம் விலகிப்போனால் ஒரு படிநிலை பறிபோகும். நடத்துநர் சித்திரகுப்தனாகிவிட்டார். விளைவு, செய்தது பாவமா இல்லையா என்று மேசையில் வழக்காடுவதிலேயே மாலை கழிந்துவிடும். கதை அங்கேயே நின்றுபோகும்.

1990இல் அதே விளையாட்டுக்குள் தனி உலகமாக விரிந்த ‘ரேவன்லாஃப்ட்’ இதைவிடக் கூர்மையாக யோசித்தது. அங்கே கொடுமை செய்பவனுக்கு இருட்சக்திகள் முதலில் வரம் தருகின்றன. வரத்தோடு ஒட்டி ஒரு சாபமும் வருகிறது. படிப்படியாக இறங்குபவன் கடைசியில் தனக்கென ஒரு நாட்டைப் பெற்று, அதிலேயே சிறைப்படுகிறான். தீமை லாபகரமானது என்பதை ஒளிக்காத விதி இது. 1991இல் வந்த ‘வேம்பயர்: தி மாஸ்கரேட்’ மனிதத்தன்மைக்குப் பத்து வரை மதிப்பெண் வைத்தது. அது பூஜ்யமானால் பாத்திரம் ஆடுபவர் கையைவிட்டுப் போய்விடும்.

என் ஓட்டு, வெஸ்ட் எண்ட் கேம்ஸ் 1987 முதல் வெளியிட்ட ‘ஸ்டார் வார்ஸ்’ விளையாட்டுக்கு. அதிலும் இருட்பக்கப் புள்ளிகள் உண்டு, பாத்திரத்தை இழக்கும் அபாயமும் உண்டு. ஆனால் புள்ளி விழப்போகிறது என்பதை நடத்துநர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆடுபவர் கையைப் பின்னுக்கு இழுக்கலாம், அல்லது தெரிந்தே செய்யலாம். தெரியாமல் விழுந்தேன் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

வின்சென்ட் பேக்கரின் ‘டாக்ஸ் இன் தி வைன்யார்டு’ (2004) எதிர்த்திசையில் போகிறது. இளம் மதக் காவலர்கள் ஊர் ஊராகச் சென்று பாவத்தை விசாரிக்கிறார்கள். பேச்சில் தோற்கும்போது கைகலப்புக்கும், அதிலும் தோற்றால் துப்பாக்கிக்கும் தாவலாம். தாவினால் கூடுதல் பகடை கிடைக்கும். எது சரி, எது தவறு என்று நடத்துநர் தீர்ப்புச் சொல்லக்கூடாது. சுட்டவனே சுட்டதற்குக் காரணம் சொல்லிக்கொள்ள வேண்டும்.

ப்ரெண்டா ரொமெரோ 2009இல் செய்த ‘டிரெயின்’ பலகை விளையாட்டு வேறு ரகம். மஞ்சள் பொம்மைகளை ரயில் பெட்டிகளில் அடைத்து ஓட்டியவர்களுக்கு, சேருமிடம் ஆஷ்விட்ஸ் என்று முடிவில்தான் தெரியும். ஒரு கலைப்படைப்பாக அது மறக்க முடியாதது. அதே பொறியை வாராவாரம் கூடும் நண்பர்களுக்கு வைத்தால், அதற்குப் பெயர் நம்பிக்கைத் துரோகம்.

இன்று பல குழுக்கள் ஆட்டம் தொடங்குமுன்பே கூடி, சித்திரவதை போன்றவை கதையில் வரலாமா என்று பேசிக்கொள்கின்றன. நல்ல பழக்கம். ஆனாலும் அது முதல் நாள் பேச்சு. சறுக்கல் பத்தாவது வாரத்தில் வருவது.

எனவே நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கைதியின் கழுத்தில் கத்தி வைக்கப்பட்டால் பகடையை உருட்டவிடாதீர்கள். முதலில் அந்தக் கைதிக்கு ஒரு பெயர் கொடுங்கள், அவனைப் பேச வையுங்கள். பிறகு, “உங்கள் பாத்திரம் இதை நிஜமாகவே செய்கிறதா?” என்று கேளுங்கள். ஆமாம் என்றால் செய்யட்டும்; அந்தக் கைதியின் அண்ணன் அடுத்த ஊரில் இருக்கிறான்.