வயதுக்கு அடுத்த நிரல்: கரிம ஐசோடோப்புகளும் தமிழாய்வின் வாசிப்பும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழகத் தொல்லியல் விவாதத்தில் கரிமம்-14 பெற்ற இடத்தைக் கரிமம்-13 பெறவில்லை. நீலகிரிச் சதுப்புமண், வங்கக் கடலடிப் படிவு ஆகியவற்றின் ஐசோடோப்புச் சான்றுகளை முன்வைத்து, தமிழிலக்கிய ஆய்வு பழங்காலநிலையைப் பேசும் முறையை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: கரிமம்-13, நீலகிரி, வங்கக் கடல், பருவமழை, பாலை

விடுபட்ட எண்

கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 580 என்பதை 2019இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்டது. அதன் பின்னர் ‘கார்பன்’ என்னும் சொல் தமிழாய்வுக் கட்டுரைகளில் வயது என்பதன் மறுபெயராகவே வழங்கி வருகிறது. ஆய்வகம் தரும் முடிவில் வயதோடு இன்னோர் எண்ணும் இருக்கும். அது கரிமம்-13இன் விகிதம். உயிரிகள் கரிமத்தை உட்கொள்ளும்போது கனமான அணுக்களைச் சற்றே ஒதுக்குகின்றன. அந்த வேறுபாட்டைச் சரிசெய்யாமல் கரிமம்-14 வயதைக் கணக்கிட இயலாது. வயதைப் பெற உதவிய அவ்வெண்ணை நம் கட்டுரைகள் பெரும்பாலும் உதறிவிட்டு, வயதை மட்டுமே எடுத்துக்கொள்கின்றன.

உதறியது சிறிய செய்தியன்று. நெல்லும் பெரும்பாலான மரங்களும் சி3 வகை ஒளிச்சேர்க்கை உடையவை. இவற்றின் கரிமம்-13 மதிப்பு ஆயிரத்துக்கு −27ஐ ஒட்டி அமையும். தினை, வரகு, கம்பு, கேழ்வரகு ஆகியன சி4 வகை; இவற்றின் மதிப்பு −12ஐ ஒட்டியது. ஆக, குறிஞ்சியின் தினையையும் மருதத்தின் நெல்லையும் வேதியியலே பிரித்துக் காட்டுகிறது. உண்டவர் எலும்பிலும் பல்லிலும் இவ்வேறுபாடு பதியும். நெய்தல் நிலத்தார் உண்ட கடல்மீனும் கரிமம்-13ஐ உயர்த்தும் என்பதால், கடற்கரை ஊர்களில் நைட்ரஜன் ஐசோடோப்பையும் உடன்வைத்துப் பார்க்காமல் ‘தினை உண்டனர்’ என எழுதிவிடக் கூடாது.

நீலகிரியின் சதுப்புமண்

ரா. சுகுமார், ஆர். ரமேஷ், ஆர்.கே. பந்த், ஜி. ராஜகோபாலன் ஆகியோர் 1993இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை இத்துறையில் தமிழ் மண்ணுக்குரிய முதன்மைச் சான்று. நீலகிரி மேட்டுநிலத்தின் சதுப்புகளில் தாவரங்கள் முழுமையாக மட்காமல் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. சோலைமரம் மிகுந்த காலத்தின் அடுக்கு சி3 மதிப்பையும், சி4 புல் மிகுந்த காலத்தின் அடுக்கு அதனினும் உயர்ந்த மதிப்பையும் காட்டும். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னர், சி4 புல் மேலோங்கியிருந்தது. பனியுகம் தணிந்தபின் ஈரம் மிகுந்தது. பிந்தைய ஆயிரமாண்டுகளில் வறட்சி மீண்டும் தலைகாட்டியது. 1997இல் ‘கரண்ட் சயின்ஸ்’ கட்டுரை இப்பதிவை 40,000 ஆண்டுகள்வரை நீட்டியது.

ஆயினும் புல்லின் பெருக்கத்தை வறட்சி ஒன்றாலேயே விளக்கிவிடல் ஆகாது. பனியுகத்தில் வளிமண்டலக் கரியமிலவாயு மில்லியனில் ஏறத்தாழ 190 பங்காகக் குறைந்திருந்தது. அக்குறைவே சி4 தாவரங்களுக்குச் சாதகமானது. கிழக்காப்பிரிக்க மலை ஏரிகளை ஆராய்ந்தோர் 1997இல் இக்கருத்தை வலியுறுத்தினர். நீலகிரிப் பதிவை மழைமானியாக மட்டுமே வாசிப்போர் இதனை எதிர்கொண்டாக வேண்டும்.

எல்லா நீர்நிலை மண்ணும் இவ்வாறு பேசாது. இக்கட்டுரையாளர் நாள்தோறும் கடந்துசெல்லும் ஆவடி பருத்திப்பட்டு ஏரி தூர்வாரப்பட்டுப் பூங்காவான ஏரி. கழிவுநீர் கலந்து, அடுக்குகள் குலைந்த மண்ணில் எந்தக் கரிமம் எந்த நூற்றாண்டினது என எவர் சொல்ல இயலும்? தலைமுறைதோறும் தூர்வாருதல் ஏரிக்கு நலம். ஐசோடோப்பு ஆய்வாளருக்கு இழப்பு. சமவெளித் தமிழகத்தின் பழங்காலநிலையைத் தேடுவோர் கடலடியை நாடுவது இதனாலும்தான்.

கடல் சொல்வதும் சொல்லாததும்

கோதாவரி முகத்துவாரத்திற்கு அப்பால் வங்கக் கடலடியில் எடுத்த படிவுத் தண்டை ஆராய்ந்த போன்டன், ஜியோசன் முதலியோரின் கட்டுரை 2012இல் வெளிவந்தது. ஆறு கொண்டுவந்து சேர்த்த இலைமெழுகின் கரிமம்-13ஐ அவர்கள் அளந்தனர். வறட்சி தாங்கும் தாவரங்கள் 4,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 1,700 ஆண்டுகளுக்கு முன்வரை படிப்படியாகப் பெருகி, அதன்பின் நிலைபெற்றன என்பது அவர்தம் முடிவு.

1,700 ஆண்டு என்றதும் சங்ககாலத்தின் இறுதியையும் பாலைத்திணைப் பாடல்களையும் இதனோடு முடிச்சிடும் ஆவல் எழுவது இயல்பு. அம்முடிச்சு நில்லாது. கோதாவரி தக்காணத்தின் ஆறு. அதன் நீர் பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழை தருவது. தமிழகக் கடற்கரைச் சமவெளியோ வடகிழக்குப் பருவமழையை நம்பியது. ஒன்றின் வறட்சியை மற்றொன்றின்மேல் ஏற்றுவதற்குத் தனிச்சான்று வேண்டும். மேலும், முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாவதைச் சிலப்பதிகாரம் கூறுவது வேனிலின் வெம்மையை வைத்தே. அது பருவத்தில் நிகழ்ந்து பருவத்தில் மாறும் திரிபு. படிவின் ஒரு கூறு பல்லாண்டுகளின் தாவரங்களைக் கலந்து தரும் சராசரி. அச்சராசரியில் ஒரு கோடையைத் தேட இயலாது.

கடற்பொருள்களின் வயதிலும் இத்தகைய கவனம் தேவை. ஆழ்கடலின் பழைய கரிமம் மேல்நீரில் கலப்பதால், சங்கும் சிப்பியும் தம் உண்மை வயதினும் சில நூறாண்டுகள் மூத்தவையாகத் தோன்றும். வட இந்தியப் பெருங்கடலுக்குரிய திருத்த மதிப்புகளைத் தத்தா, பூஷண், சோமயாஜுலு ஆகியோர் 2001இல் வெளியிட்டனர். கடற்கரை அகழாய்வொன்றில் கரித்துண்டின் வயதையும் சங்கின் வயதையும் திருத்தமின்றி ஒரே அட்டவணையில் நிரல்படுத்தினால், சங்கறுக்கும் தொழில் அவ்வூரினும் பழமையானதாகிவிடும்.

இதழ்களின் மதிப்பீட்டாளர்கள் இனிக் கேட்க வேண்டியவை சில உள. வயதுடன் கரிமம்-13 மதிப்பும் தரப்பட்டுள்ளதா? அம்மதிப்பு தனி நிறை நிறமாலைமானியில் அளந்ததா, முடுக்கிக் கருவியின் திரிபையும் சுமந்ததா? பின்னதாயின் வயதைத் திருத்த அது போதும். நெல்லா தினையா என்று தீர்ப்பதற்குப் போதாது.